ஓபி பெட்டிக்குப் பதிலாக என்ன? அமெரிக்க வீட்டு போனுக்குப் புது அடாப்டர் பொருத்தும் முறை

சாதாரண போனை இணையத்தோடு இணைக்கும் அடாப்டர்களான ஓபி 200, ஓபி 202 என்ற சின்னக் கருப்புப் பெட்டிகளை வைத்துக்கொண்டு மாதக் கட்டணமே இல்லாமல் வீட்டு போனை ஓட்டியவர்கள் அமெரிக்காவில் ஏராளம். பெட்டியின் ஒரு பக்கம் ரூட்டரிலிருந்து வரும் ஒயர், மறுபக்கம் மேஜை போனோ கார்ட்லெஸ் போனோ, நடுவே இணையம் வழியாகப் பேச கூகுள் நம்பர் தரும் கூகுள் வாய்ஸ் கணக்கு. நாட்டுக்குள் யாருக்குப் பேசினாலும் காசில்லை. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் அப்பா அம்மாவுக்கு, ஸ்மார்ட்போனில் பச்சையைத் தள்ளுவதா சிவப்பைத் தள்ளுவதா என்ற குழப்பம் இல்லாமல், கையில் எடுத்ததும் டயல் டோன் வரும் போன் ஒன்று கிடைத்தது.

இப்போது அந்தப் பெட்டிகளின் தயாரிப்பு நின்றுவிட்டது. உங்களிடம் இருப்பது இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒருநாள் பவர் அடாப்டர் போனாலோ, கணக்கு இணைப்பு அறுந்தாலோ, அதே பெட்டியைப் புதிதாக வாங்கி மாட்டி முன்போலவே ஓட்டலாம் என்று நம்பியிருக்க முடியாது. கூகுள் வாய்ஸை அந்தப் பெட்டியில் சேர்த்ததே ஓபிடாக் என்ற இணையதளம் வழியாகத்தான். தயாரித்த நிறுவனம் கைவிட்ட பொருளில் அந்தத் தளம் இல்லையென்றால் நேர்வழி எதுவும் இல்லை. தனிநபர் கணக்குக்கு கூகுள் எஸ்ஐபி (இணைய போன் பெட்டிகள் சேவையோடு சேரும் பொது முறை) பயனர்பெயரும் பாஸ்வேர்டும் தருவதில்லை. அதனால் வேறு கம்பெனி அடாப்டரை வாங்கி அதில் கூகுள் வாய்ஸை நேராகப் போட்டுக்கொள்ளவும் வழியில்லை. நிறையப் பேர் தவறாக நினைத்து அடாப்டரை முதலில் வாங்கிவிடுவது இந்த இடத்தில்தான்.

இந்தப் பெட்டிகளின் வரலாறு கொஞ்சம் வேடிக்கையானது. ஜான் ஃபாண்ட்ரியான்டோ என்ற பொறியாளர் இதே வகைப் பெட்டிகளை மூன்று கம்பெனிகளில் செய்தவர். கொமோடோவை 2000-இல் சிஸ்கோ வாங்கியது; அதிலிருந்து வந்தது ஏடிஏ 186 என்ற அடாப்டர். பிறகு சிப்பூரா தொடங்கினார். அதையும் 2005-இல் சிஸ்கோ வாங்கி லிங்க்சிஸ் பெயரில் விற்றது. மூன்றாவதுதான் ஓபி பெட்டிகளைச் செய்த ஓபிஹை. அதை 2018 ஜனவரியில் பாலிகாம் வாங்கியது, பாலிகாமை அதே ஆண்டில் பிளான்ட்ரானிக்ஸ் வாங்கியது, பெயர் பாலி ஆனது, 2022-இல் ஹெச்பி மொத்தமாக விழுங்கியது. கை மாற மாற, வீட்டுக்காரர்கள் வாங்கும் ஐம்பது டாலர் பெட்டியில் யாருக்கும் அக்கறை இல்லாமல் போனது. சிஸ்கோ தரப்பிலும் இதே கதைதான். எஸ்பிஏ 112 என்ற நல்ல அடாப்டரின் விற்பனை 2020-இல் நின்றது.

ஆகவே அடுத்து வாங்கும் பெட்டியும் ஒருநாள் நிற்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். நம்பர் ஒன்று, சேவை ஒன்று, பெட்டி ஒன்று. மூன்றும் தனித்தனியாக இருந்தால் எது போனாலும் மற்ற இரண்டை வைத்துக்கொண்டு அரைமணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். கீழே சொல்லும் வழி முழுக்க இந்தக் கணக்கில்தான் போகிறது.

பழைய பெட்டியை இப்போதைக்குத் தொடாதீர்கள்

அது ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும். புதியதைப் பக்கத்தில் வைத்து, வேறொரு தற்காலிக நம்பரில் பழகிப் பார்த்த பிறகுதான் உங்கள் நிஜ நம்பரைப் புதுச் சேவைக்கு நகர்த்த வேண்டும்.

அதற்குள் ஒரு பட்டியல் போடுங்கள். இந்த நம்பர் எங்கெல்லாம் கொடுக்கப்பட்டிருக்கிறது? பிள்ளைகளின் பள்ளி, டாக்டர் ஆபீஸ், மருந்துக்கடை, காப்பீடு, வங்கி. கடைசியாகச் சொன்ன வங்கிதான் முக்கியம். கூகுள் வாய்ஸ் நம்பருக்கு ஓடிபி குறுஞ்செய்தி வரும்படி எங்காவது வைத்திருந்தால், நம்பரை நகர்த்துவதற்கு முன்பே அதைச் செல்போனுக்கு மாற்றிவிடுங்கள். இணைய போன் சேவைகளுக்கு நகர்ந்த நம்பரில் சாதாரணக் குறுஞ்செய்தி வந்தாலும், வங்கிகள் ஐந்தாறு இலக்கக் குறு எண்ணிலிருந்து அனுப்பும் செய்திகள் பல நேரம் வந்து சேராது. கணக்குக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றுகொண்டு, கணக்குக்குரிய நம்பரை மாற்றக் கேட்பது பெரிய தலைவலி.

வீட்டில் திருட்டு அலாரம் போன் லைனில் ஓடுகிறதென்றால் அந்தக் கம்பெனியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஃபேக்ஸ் மெஷின் இருந்தால் அதை மறந்துவிடலாம். அடாப்டரில் ஃபேக்ஸ் ஒருநாள் போகும், மறுநாள் பாதியில் நிற்கும்.

சேவையைத் தேர்ந்தெடுப்பது

பெரிய பிரிவு இரண்டுதான். ஊமா, மேஜிக்ஜாக் போன்றவை பெட்டியையும் சேவையையும் சேர்த்தே தருகின்றன. மாட்டினால் ஓடும், செட்டிங் எதையும் தொட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெட்டி அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான் உழைக்கும். கம்ப்யூட்டர் செட்டிங் என்றாலே அலுப்பாக இருப்பவர்களுக்கு இதில் தவறொன்றும் இல்லை, தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வகை: உங்கள் சொந்த அடாப்டர், அதற்கு எஸ்ஐபி கணக்கு தரும் சேவை. மாண்ட்ரியலைச் சேர்ந்த வாய்ப்.எம்எஸ், நியூயார்க்கைச் சேர்ந்த கால்சென்ட்ரிக் ஆகியவை இந்த வகையில் பலகாலமாக இருப்பவை. கட்டணம் பெரும்பாலும் முன்பணம். நம்பர் வைத்திருக்க மாதம் ஒரு டாலர் சொச்சம், பேசும் நிமிடத்துக்கு ஒரு சென்ட் அளவில் என்று கணக்கு போட்டுக்கொள்ளலாம். 911 என்ற அவசர உதவி அழைப்பு வசதிக்குத் தனியாக மாதம் ஒன்றிரண்டு டாலர். இலவசம் என்று இருந்தது மாதம் நான்கைந்து டாலர் ஆகும். வருத்தம்தான், ஆனால் காசு வாங்கும் கம்பெனிக்கு நீங்கள் வாடிக்கையாளர்; பிரச்சினை என்று டிக்கெட் போட்டால் பதில் வரும்.

கணக்கு தொடங்கியதும் மூன்று வேலை. முதலில், பிரதான கணக்கின் பாஸ்வேர்டை அடாப்டரில் போடாமல், அதற்கென்று ஒரு துணைக் கணக்கு உருவாக்கி அதற்கு நீளமான தனிப் பாஸ்வேர்டு வையுங்கள். அடுத்து, உங்கள் ஊருக்குப் பக்கத்து நகரத்துச் சர்வரைத் தேர்ந்தெடுங்கள். டாலஸில் இருந்துகொண்டு நியூயார்க் சர்வரில் சேர வேண்டிய அவசியம் இல்லை. சில சேவைகளில் நம்பரும் அடாப்டரும் ஒரே சர்வரைக் காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் வெளியே பேச முடியும், உள்ளே அழைப்பு வராது. மூன்றாவது, வெளிநாட்டு அழைப்பை மொத்தமாக மூடிவிட்டு உங்களுக்கு வேண்டிய நாடுகளை மட்டும் திறங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று இரண்டு மூன்றுதான் இருக்கும். யாராவது உங்கள் பாஸ்வேர்டைப் பிடித்துவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக எங்கோ இருக்கும் தீவுகளுக்கு நிமிடத்துக்கு டாலர் கணக்கில் அழைத்துப் பணத்தைக் காலி செய்வார்கள். தானாகப் பணம் ஏற்றும் வசதியை அணைத்தே வையுங்கள். போனாலும் பத்து இருபது டாலரோடு போகும்.

பழகிப் பார்க்க ஒரு புது நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். நிஜ நம்பர் வந்தபின் இதைக் கைவிட்டுவிடலாம்.

எந்தப் பெட்டி

ஒரே ஒரு போன் லைன் போதுமென்றால் கிராண்ட்ஸ்ட்ரீம் ஹெச்டி801, இரண்டு வேண்டுமென்றால் ஹெச்டி802. நாற்பது, ஐம்பது டாலருக்குள் முடிந்துவிடும். சிஸ்கோ ஏடிஏ 191, 192-உம் நல்லவை, விலை கொஞ்சம் அதிகம். இந்தக் கட்டுரையில் செட்டிங் சொல்வதெல்லாம் ஹெச்டி801-க்கு. மற்றவற்றில் பெயர்கள் கொஞ்சம் மாறும், விஷயம் ஒன்றுதான்.

வாங்கும்போது எஃப்எக்ஸ்எஸ் போர்ட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். போனுக்கு டயல் டோனும் ரிங்கும் கொடுப்பது அதுதான். எஃப்எக்ஸ்ஓ என்றால் தொலைபேசிக் கம்பெனியின் லைனை வாங்கிக்கொள்ளும் ஓட்டை, உங்கள் போனை அதில் சொருகினால் ஒன்றும் நடக்காது. ஹெச்டி813-இல் இரண்டும் ஒவ்வொன்று இருக்கும், உங்களுக்குத் தேவையில்லை.

பழைய பொருள் விற்கும் தளங்களில் பத்து டாலருக்குக் கிடைக்கும் அடாப்டர்களில் பாதி ஏதோ ஒரு கம்பெனிக்குப் பூட்டப்பட்டவை. பூட்டு இல்லாதது என்று தெளிவாக எழுதியிருந்தால் தவிர வாங்காதீர்கள்.

ஒயர் போடுவது

ரூட்டரின் காலியான ஓட்டையிலிருந்து அடாப்டருக்கு நெட்வொர்க் ஒயர். அடாப்டரின் போன் ஓட்டையிலிருந்து போனுக்குச் சாதாரண போன் ஒயர். பிறகு பவர். வைஃபை இதில் கிடையாது, ஒயர்தான். அது நல்லதும்கூட, குரலுக்கு ஒயர்போல் வராது.

நாலு அறையில் நாலு போன் வேண்டுமென்றால் நாலு கைப்பிடி கொண்ட கார்ட்லெஸ் செட் ஒன்றை வாங்குங்கள். தலைமை பேஸ் மட்டும் அடாப்டரில் இருந்தால் போதும், மற்றவை காற்றிலேயே பேசிக்கொள்ளும். சிலர் சுவரிலுள்ள பழைய போன் ஜாக்கில் அடாப்டரைச் சொருகி வீடு முழுக்க டயல் டோன் கொண்டுவர ஆசைப்படுவார்கள். செய்யலாம், ஆனால் அதற்கு முன் வெளிச்சுவரில் இருக்கும் தொலைபேசிக் கம்பெனிப் பெட்டியைத் திறந்து, தெருவிலிருந்து வரும் இணைப்பைக் கழற்றியே ஆக வேண்டும். அந்தத் தாமிர லைனில் சாதாரணமாகவே 48 வோல்ட் நிற்கும், ரிங் வரும்போது 90 வோல்ட் அளவு ஏறும். அது அடாப்டரின் போன் ஓட்டைக்குள் பின்வழியாக வந்தால் புது அடாப்டர் அன்றைக்கே குப்பை. அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள், அந்த ஒயர் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

செட்டிங்: நிதானமாகச் செய்ய வேண்டிய இடம்

போனை எடுத்து நட்சத்திரப் பொத்தானை மூன்று முறை அழுத்துங்கள். ஒரு பெண் குரல் மெனு என்று சொல்லும். உடனே 02 அழுத்தினால் அடாப்டரின் ஐபி முகவரியை ஒவ்வோர் எண்ணாகப் படிக்கும், 192.168.1.37 என்பதுபோல. எழுதிக்கொண்டு, அதே வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து முகவரிப் பட்டையில் அடியுங்கள். உள்ளே நுழையப் பயனர்பெயர் அட்மின். பழைய பெட்டிகளில் பாஸ்வேர்டும் அட்மின்தான். இப்போது வருபவற்றில் அடிப்பக்க ஸ்டிக்கரில் தனிப் பாஸ்வேர்டு அச்சிட்டிருக்கும். எதுவாக இருந்தாலும் நுழைந்ததும் மாற்றிவிடுங்கள். கையோடு ஃபர்ம்வேர் என்ற, பெட்டிக்குள் ஓடும் மென்பொருளையும் புதுப்பித்துவிடலாம்.

பக்கத்தைப் பார்த்ததும் மிரள வேண்டாம். நூற்றுக்கணக்கில் கட்டங்கள் இருக்கும், நீங்கள் தொடப்போவது பத்துப் பன்னிரண்டு.

எஃப்எக்ஸ்எஸ் போர்ட் என்ற தாவலுக்குப் போங்கள். அக்கவுன்ட் ஆக்டிவ் என்பதில் ஆம். பிரைமரி எஸ்ஐபி சர்வர் என்பதில் நீங்கள் தேர்ந்தெடுத்த சர்வர் முகவரி. எஸ்ஐபி யூசர் ஐடி, ஆத்தென்டிகேட் ஐடி இரண்டிலும் துணைக் கணக்கின் பெயர், அடுத்ததில் அதன் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அது கண்ணுக்குத் தெரியாது. பதிவாகவில்லை என்று புலம்புபவர்களில் பலருக்குக் காரணம் அந்த இடைவெளிதான்.

நாட் டிராவர்சல் என்ற இடத்தில் கீப் அலைவ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டு ரூட்டர் சும்மா இருக்கும் இணைப்புகளைக் கொஞ்ச நேரத்தில் மூடிவிடும். அடாப்டர் சின்னச் சின்னத் தரவுப் பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டே இருந்தால் மூடாது. ரெஜிஸ்டர் எக்ஸ்பிரேஷன் 60 நிமிடம் என்று இருந்தால் 5 ஆக்குங்கள். ரூட்டர் மறுபடி தொடங்கினாலும் ஐந்து நிமிடத்தில் அடாப்டர் தானே பதிவாகிக்கொள்ளும்.

குரலை டிஜிட்டலாக்கும் முறைகளின் பட்டியலான வோகோடர் வரிசையில் முதலிடம் பிசிஎம்யு. இது ஜி.711 என்ற பழைய முறை, குரலைப் பெரிதாகச் சுருக்காமல் அனுப்பும். போக ஒன்று, வர ஒன்று எனத் திசைக்கு 90 கிலோபிட்டுக்குள்தான் ஆகும், இன்றைய இன்டர்நெட்டில் அது ஒரு பொருட்டே இல்லை. பொத்தான் அழுத்தும் ஒலியை அனுப்பும் டிடிஎம்எஃப் முறையில் ஆர்எஃப்சி 2833 முதலில் இருக்கட்டும். இதைத் தவறவிட்டால் பேசுவதெல்லாம் நன்றாக இருக்கும், ஆனால் ‘ஆங்கிலத்துக்கு 1’ என்று சொல்லும் இடத்தில் நீங்கள் எத்தனை முறை 1 அழுத்தினாலும் எதிர்முனைக்குக் கேட்காது.

இன்னும் ஒன்று, இதை மட்டும் விடாதீர்கள். ‘எஸ்ஐபி பிராக்சியிலிருந்து வரும் செய்திகளை மட்டும் அனுமதி’ என்ற பொருளில் ஒரு வரி கீழே எங்கோ இருக்கும். பிராக்சி என்றால் இங்கே உங்கள் சேவையின் சர்வர். அதை ஆம் என்று ஆக்குங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்ளை அழுத்திவிட்டு ஸ்டேட்டஸ் பக்கத்துக்கு வாருங்கள். ரெஜிஸ்டர்டு என்று வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வராவிட்டால் முதலில் பாஸ்வேர்டு, பிறகு சர்வர் பெயரின் எழுத்துகள், அப்புறம் ரூட்டர், இந்த வரிசையில் பாருங்கள். பெரும்பாலும் ரூட்டர் வரை போக வேண்டியிருக்காது.

சின்ன விஷயம் ஒன்று: அடிப்படைச் செட்டிங் பக்கத்தில் நேர மண்டலத்தை உங்கள் ஊருக்கு மாற்றுங்கள். அழைப்பவர் எண்ணோடு தேதியும் நேரமும் சேர்ந்துதான் போனுக்குப் போகின்றன. அதை வைத்துத்தான் கார்ட்லெஸ் போன் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். மண்டலம் தப்பாக இருந்தால், நீங்கள் கையால் எத்தனை முறை சரிசெய்தாலும் அடுத்த அழைப்பு வந்ததும் கடிகாரம் பழையபடி தப்புக்குப் போய்விடும்.

பேசிப் பார்ப்பது

செல்போனுக்கு அழையுங்கள். எண்ணை அழுத்தி முடித்ததும் நாலு நொடி மௌனமாக இருந்துவிட்டுத்தான் அழைப்பு போகும். இன்னும் எண் வருமோ என்று அடாப்டர் காத்திருக்கிறது. கடைசியில் ஹாஷ் அழுத்தினால் உடனே போய்விடும். வீட்டில் பெரியவர்கள் இந்த மௌனத்தில் ‘போன் வேலை செய்யல’ என்று வைத்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பிறகு செல்லிலிருந்து தற்காலிக நம்பருக்கு அழையுங்கள். மணி அடிக்கிறதா, எண் திரையில் தெரிகிறதா, இரண்டு பக்கமும் குரல் கேட்கிறதா. குறைந்தது இருபது நிமிடம் பேசிப் பாருங்கள். சில ரூட்டர்களில் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் அழைப்பு அறுபடும். வங்கியின் தானியங்கி எண்ணுக்கு அழைத்து மெனுவில் இரண்டு தட்டு உள்ளே போய்ப் பாருங்கள். யாராவது வீடியோ பார்த்துக்கொண்டும், இன்னொருவர் போட்டோக்களை மேகத்துக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கும்போது ஒருமுறை பேசுங்கள். குரல் நறுக்கு நறுக்கென்று வெட்டினால் பிரச்சினை மேலேற்றும் வேகத்தில். ரூட்டரில் அடாப்டருக்கு முன்னுரிமை கொடுக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டால் சரியாகிவிடும்.

911

இதைத் தள்ளிப்போடாதீர்கள். இணைய போனில் 911 அழைத்தால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று நெட்வொர்க்குக்குத் தானாகத் தெரியாது. பதிவு செய்த முகவரிதான் 911 மையத்தின் திரையில் வரும். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் இணைய போன் நிறுவனங்களுக்கு இந்த வசதியைக் கட்டாயமாக்கியது 2005-இல். கூகுள் வாய்ஸ் வழியாக ஓடிய ஓபி பெட்டியில் 911 சேர்ந்தே வரவில்லை, தனிச் சேவை ஒன்றை வாங்கிச் சேர்க்க வேண்டும். பலர் சேர்க்கவே இல்லை. ஆக, உங்கள் பழைய போனிலும் இத்தனை வருடம் அது இல்லாமல் இருந்திருக்க வாய்ப்பு உண்டு.

சேவையின் தளத்தில் 911 பகுதிக்குப் போய், தெரு எண், அபார்ட்மென்ட் எண் எல்லாவற்றோடும் முகவரியைப் பதியுங்கள். அபார்ட்மென்ட் எண்ணை விட்டுவிட்டால் முந்நூறு கதவு இருக்கும் வளாகத்தில் ஆம்புலன்ஸ் எந்தக் கதவைத் தட்டும்? பதிந்தபின் 933 என்று அழைத்துப் பாருங்கள். பல சேவைகளில் அது பரிசோதனை எண். பதிவான முகவரியைக் குரலில் படித்துக் காட்டும். 911-ஐயே அழைத்துச் சோதிக்க வேண்டாம். பதியாமல் 911 அழைத்தால் தனியாகப் பெரிய கட்டணம் போடும் சேவைகளும் உண்டு. வீடு மாறினால் அன்றைக்கே முகவரியை மாற்றுங்கள்.

கரன்ட் போனால் இந்த போன் செத்துவிடும். ரூட்டர், மோடம், அடாப்டர் மூன்றையும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் போட்டால் ஒருமணி நேரமாவது தாங்கும். ஃபைபர் இணைப்பு என்றால் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் பவர் வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள்.

நம்பரை நகர்த்துவது

தற்காலிக நம்பரில் கொஞ்ச நாள் நிம்மதியாக ஓடிய பிறகு நிஜ நம்பர். கூகுள் வாய்ஸிலிருந்து வெளியேற முதலில் அங்கே நம்பரைப் பூட்டுத் திறக்க வேண்டும். கூகுள் கொடுத்த நம்பர் என்றால் 3 டாலர். நீங்களே வேறு கம்பெனியிலிருந்து கொண்டுவந்து சேர்த்தது என்றால் இலவசம். புதுச் சேவையின் படிவத்தில் கணக்கு எண் கேட்கும் இடத்தில் அந்தப் பத்து இலக்க நம்பரையே போடுங்கள். பின் எண் என்பது கூகுள் வாய்ஸின் வாய்ஸ்மெயில் பின். அதை வைத்தே இருக்கமாட்டீர்கள், செட்டிங்கில் போய்ப் புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் கம்பெனியிடமோ தொலைபேசிக் கம்பெனியிடமோ இருக்கும் நம்பர் என்றால் கடைசி பில்லை எடுத்து மேஜையில் வையுங்கள். பெயர், முகவரி இரண்டும் பில்லில் எப்படி அச்சாகியிருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே. நம்மவர்களுக்கு இங்கேதான் இடறும். பில்லில் அப்பா பெயர் முன்னால், உங்கள் பெயர் பின்னால் என்று இருந்தால் படிவத்திலும் அப்படித்தான். உங்களுக்குச் சரியென்று படும் வரிசையில் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து.

நகர்த்தல் முடியும்வரை பழைய இணைப்பை ரத்து செய்யக் கூடாது. ரத்தான நம்பரை நகர்த்த முடியாது, மீட்பதும் கஷ்டம். இன்டர்நெட்டும் போனும் ஒரே கட்டில் வாங்கியிருந்தால், போன் நம்பர் போனதும் மொத்தக் கட்டின் விலை மாறுமா என்றும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நம்பர் வந்து சேர்ந்த நாளில் புதுச் சேவையின் தளத்தில் அதை அடாப்டரின் துணைக் கணக்குக்குத் திருப்பிவிட வேண்டும். வெளியே அழைக்கும்போது தெரியும் எண்ணையும் 911 முகவரியையும் இந்த நிஜ நம்பருக்கு மாற்றுங்கள். தானாக மாறாது.

நம்பரை நகர்த்த மனமில்லாதவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. கூகுள் வாய்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, வரும் அழைப்புகளைப் புது நம்பருக்குத் திருப்பிவிடுங்கள். வீட்டு போன் அடிக்கும், குறுஞ்செய்தியும் பழையபடி கூகுளுக்கே வரும். வெளியே அழைக்கும்போது மட்டும் புது நம்பர் தெரியும். என்னைக் கேட்டால், வங்கி ஓடிபி சிக்கல் தீராதவரை இதுவே நல்ல இடைக்கால ஏற்பாடு.

ஓடத் தொடங்கிய பிறகு வரும் தொல்லைகள்

ஒருபக்கம் மட்டும் குரல் கேட்டால், அல்லது உள்ளே அழைப்பு சிலநேரம் வந்து சிலநேரம் வராவிட்டால், ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியைத் தேடி அணையுங்கள். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு போன் பாக்கெட்டுகளுக்குள் கைவிட்டுத் திருத்தி எல்லாவற்றையும் கெடுக்கும் வசதி அது. அணைத்ததும் ரூட்டரையும் அடாப்டரையும் ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். இதற்காக யாராவது ரூட்டரில் 5060 போர்ட் என்ற எஸ்ஐபி வாசலைத் திறந்துவிடச் சொன்னால் கேட்காதீர்கள். கீப் அலைவ் இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை.

அப்புறம் பேய் அழைப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு மணி அடிக்கும். திரையில் 100 என்றோ 1001 என்றோ இருக்கும். எடுத்தால் யாரும் இல்லை, வெறும் அமைதி. வீட்டிலுள்ள பெரியவர்கள் பயந்துபோய், ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று விடியும்வரை தூங்கமாட்டார்கள். உண்மையில் அது இணையம் முழுக்கத் திறந்த எஸ்ஐபி கதவுகளைத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல். அடாப்டர் நேரடியாக வந்த அழைப்பை நம்பி மணியை அடித்துவிடுகிறது. இந்த அழைப்பு உங்கள் சேவை வழியாக வராததால் அவர்களுடைய அழைப்புப் பட்டியலில் தேடினாலும் இருக்காது. அந்த ‘பிராக்சியிலிருந்து மட்டும்’ என்ற வரி இதற்குத்தான். போட்டுவிட்டால் நின்றுவிடும்.

விற்பனை அழைப்புகளுக்கு இது உதவாது, அவை சேவை வழியாகவே வருபவை. சேவையின் தளத்தில், அழைப்பவரை 1 அழுத்தச் சொல்லும் வரவேற்புக் குரல் ஒன்றை வைத்தால் இயந்திரங்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். பள்ளியிலிருந்தும் மருந்துக்கடையிலிருந்தும் வருவதும் இயந்திர அழைப்புகள்தான், அந்த எண்களுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

இந்தியாவுக்கு அழைக்க 011, 91, பிறகு எண். ஊரில் வாட்ஸ்அப் இல்லாத அத்தை, பெரியப்பா வீட்டு லேண்ட்லைன், கோயில் அலுவலகம் என்று இன்னும் சில எண்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. சில சேவைகளில் மலிவான தடம், தரமான தடம் என்று இரண்டு விலை இருக்கும். மலிவானதில் போனால் எதிர்முனையில் உங்கள் எண் தெரியாமல் சம்பந்தமில்லாத ஏதோ எண் தெரியலாம். தெரியாத எண்ணை எடுக்காதவர்களுக்கு அழைப்பதென்றால் தரமான தடத்தையே போடுங்கள்.

எல்லாம் சரியாக ஓடினால் அடாப்டரின் செட்டிங் பக்கத்திலிருந்து அமைப்புக் கோப்பை இறக்கி, சர்வர் பெயர், துணைக் கணக்குப் பெயரோடு சேர்த்து ஓரிடத்தில் வையுங்கள். பழைய ஓபியைத் தூக்கிப் போடுவதற்கோ யாருக்காவது கொடுப்பதற்கோ முன்னால், அதில் போனைச் சொருகி நட்சத்திரத்தை மூன்று முறை அழுத்தி 8, கேட்கும்போது 1. உள்ளே இருக்கும் கணக்கு விவரங்கள் அழிந்துவிடும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்திலும் போய் அந்தப் பெட்டிக்குக் கொடுத்திருந்த அனுமதியை நீக்குங்கள். பெட்டியை மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். அதன் பவர் அடாப்டரில் வோல்ட்டும் ஆம்பியரும் அச்சிட்டிருக்கும். வேறு எதற்காவது பொருந்தினால் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.